சோமாசி ஊருக்குப் போகிற வழி

முதல் நாள்: நரசிங்கம்பேட்டை

கும்பகோணத்தில் விடியற்காலை பஸ் ஏறி, ஆடுதுறை தாண்டி இறங்கினோம். சித்தப்பாவுக்கு எழுபத்தொரு வயது. ஐம்பது வருஷம் தவில் தூக்கிய தோள், இப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கிறது. கையில் மஞ்சப்பை. பைக்குள் என் அப்பா நாயனத்தின் முனையில் செருகி ஊதிய சீவாளிகள், ஒரு கொத்து.

எங்கே போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசி ஆயில்யத்தன்று பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் அம்பர் மாகாளத்தில் சோமயாக விழா. அறுபத்து மூவரில் ஒருவரான சோமாசி மாற நாயனாரின் ஊர் அது. அதற்கு முன்னால் இந்த நான்கு நாளில் சில இடங்களையும் சில மனிதர்களையும் பார்த்துவிட வேண்டும். காரணம் ஒரு கேள்விதான். போன தை மாதம் உறவுக்காரக் கல்யாணத்தில் நாயனம் வாசிக்க வந்த பையன் ஒருவன், இருபத்து மூன்று வயது இருக்கும், வாய் மணக்க வந்து நின்றான். "ஏம்ப்பா இந்த வயசுல?" என்றேன். "வேதத்துலயே சோமபானம் இருக்கேக்கா. ரிஷிங்களே குடிச்சிட்டுத்தானே பாடுனாங்க" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் போனது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இதே சொல்லை அப்பாவிடமும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அப்பா இரண்டாம் நாயனம். 2011-இல் ஈரல் கெட்டு இறந்துபோனார்.

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிற பட்டறைக்குள் போனாலே மர வாசனை நெஞ்சில் ஏறுகிறது. ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் உத்தரம், தூண் இவற்றை வாங்கிவந்து செய்கிறார்கள். ஒரு வீட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிக் காய்ந்த மரம்தான் நாதம் தரும் என்றார் கடைசல் வேலையில் இருந்த பெரியவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனத்தைச் செப்பம் செய்து கொடுத்த கதையை இங்கே குழந்தையும் சொல்லும். அதற்கு முன் திமிரி நாயனம்தான். குழல் குட்டை, சுருதி உச்சம். பாரி வந்த பிறகு குழல் நீண்டது, சுருதி இறங்கியது, ராகம் நின்று நிதானமாக விரிந்தது. 2022-இல் இந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அப்பாவின் சீவாளிகளைப் பெரியவரிடம் காட்டினேன். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கந்தட்டையில் செய்தவை. ஒன்றை எடுத்து நாக்கில் நனைத்து, உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று மட்டும் வந்தது. "வெடிச்சிருக்கும்மா. பதிமூணு பதினாலு வருஷம் ஈரம் படாம இருந்தா வெடிக்கத்தான் செய்யும்" என்று திரும்பக் கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கி மறுபடி துணியில் சுற்றினார். தூக்கிப் போடச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

மத்தியானம் திருவாவடுதுறைக் கோயில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா தானாகப் பேச ஆரம்பித்தார்.

"எனக்கு முதல்ல குடுத்தது வீரன் கோயில்ல பாப்பா. பதினாலு வயசு. படையல்ல வச்ச சாராயத்தைப் பூசாரி ஒரு மூடி ஊத்திக் குடுத்தாரு. சாமி குடுத்ததுன்னு கண்ணை மூடிக்கிட்டு முழுங்குனேன். அன்னிக்கு ஒரு மூடிதான். அப்புறம் கல்யாணத்துல. ராத்திரி ஊர்வலம், விடிய விடிய நடக்கணும், தவிலு கழுத்துல. பேசுன பணத்துல பாதி வரும். மீதியைக் கேக்கப் போனா, 'அண்ணே, பின்னாடி வாங்க'ன்னு கூப்ட்டு ஒரு புட்டியைக் குடுப்பாங்க. மரியாதை பண்றாங்கன்னு நாங்களும் வாங்கிக்கிட்டோம்."

"யாரும் வேண்டாம்னு சொல்லலியா?"

"யாரு சொல்லுவா? வாசிப்பு நல்லா இருந்தா, ஊத்துனதாலதான்னு சொல்லுவாங்க. நல்லா இல்லேன்னா, இன்னும் கொஞ்சம் ஊத்தும்பாங்க."

சித்தப்பா 2009-இல் விட்டார். அப்பா விடவில்லை.

இரண்டாம் நாள்: அரசலாற்றங்கரை அக்ரகாரம்

ஊர்ப் பெயரை எழுதவில்லை. இன்று சந்தித்த சாஸ்திரிகள், தன் பெயர் வேண்டாம் என்றார். சாமவேதி. வாழ்நாளில் இரண்டு சோமயாகங்களில் பிரஸ்தோதாவாக இருந்து பாடியவர். சோமயாகத்தில் சாமம் பாடுகிறவர்கள் மூவர்: பிரஸ்தோதா தொடங்குவார், உத்காதா நடுப்பகுதியைப் பாடுவார், பிரதிஹர்த்தா தன் பங்கைச் சேர்ப்பார். நாயனக் கோஷ்டியில் மூச்சை மாற்றி மாற்றிக் கொடுத்து வாசிக்கிற மாதிரி என்று சித்தப்பா மெல்லச் சொன்னார். "அதேதான்" என்றார் சாஸ்திரிகள்.

என் தாத்தா தன் காலத்தில் இந்தத் திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேசியிருப்பார். இன்று எங்களுக்கு நாற்காலி போட்டு, உள்ளே இருந்து மோர் வந்தது.

பையன் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். சாஸ்திரிகள் கோபப்படவில்லை. உள்ளே போய்க் காய்ந்த கொடி ஒன்றைக் கொண்டுவந்தார். இலையே இல்லை. விரல் தடிமனுக்கும் குறைவான, கணுக்கணுவாக இருக்கிற குச்சி. சோமக்கொடி என்கிறார்கள். கொடிக்கள்ளி என்றும் பெயர். பச்சையாக ஒடித்தால் பால் வரும்.

"இது வேதத்துல சொன்ன சோமமான்னு கேட்டா, இல்லை. அசல் கொடி மலையிலேருந்து வரணும். கிடைக்கலேன்னா என்ன பண்றதுன்னு பிராமணங்கள்ங்கற வேத நூல்கள்லயே சொல்லியாச்சு, பூதீகம்னு வேற ஒரு செடியை வச்சுக்கோன்னு. அப்பவே கிடைக்கலை பாருங்கோ."

அசல் சோமம் எது என்று உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். எபிட்ரா என்ற குட்டைச் செடி என்பவர்கள் பலர். 1968-இல் வாசன் என்கிற அமெரிக்கர், சிவப்புக் காளான் என்று ஒரு பெரிய புத்தகமே எழுதினார். எனக்கு அந்தச் சண்டை முக்கியமாகப் படவில்லை. எந்தச் செடி என்பதைவிட, அதை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். அதைச் சாஸ்திரிகள் இரண்டு மணி நேரம் சொன்னார். முடிந்தவரை எழுதுகிறேன்.

அக்னிஷ்டோமம் என்கிற சோமயாகம் ஐந்து நாள். சோமத்தை முதலில் விலைக்கு வாங்க வேண்டும். விற்பவனோடு பேரம் பேசி, பசுவைக் கொடுத்து வாங்குவார்கள். வாங்கியதும் அது சரக்கு இல்லை, ராஜா. சோமராஜா என்றுதான் பெயர். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம் செய்வார்கள். அதற்கென்றே ஓர் இஷ்டி, சின்ன வேள்வி, இருக்கிறது. பிழிவது ஐந்தாம் நாள் ஒரே நாள்தான். காலை, உச்சி, மாலை என்று மூன்று தடவை. அன்று பிழிந்ததை அன்றே ஹோமம் செய்து, மிஞ்சியதை அன்றே அருந்தி முடித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் நான் நிறுத்தி, "அப்படின்னா புளிக்கவே நேரமில்லையே?" என்றேன்.

"அதான் விஷயம். கள்ளுன்னா புளிக்கணும், சாராயம்னா காய்ச்சணும். இதுல ரெண்டும் கிடையாது. கொடியைத் தண்ணி தெளிச்சு நசுக்கி, கம்பளி ரோமத்துல வடிகட்டி, பாலோ தயிரோ கலந்து குடிக்கறது. ரிக்வேதத்துல ஒன்பதாம் மண்டலம் பூரா, 114 சூக்தமும், அதாவது துதிப் பாட்டும், இப்படி வடிஞ்சு வர்ற சோமத்தைப் பத்தித்தான். அதை எடுத்துத்தான் நாங்க பாடறோம். நான் குடிச்சிருக்கேன். புளிப்பும் கசப்பும். போதை ஒண்ணும் கிடையாது."

பிறகு அவர் சொன்னதுதான் சித்தப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. சோமம் நசுக்குகிற பலகைக்குக் கீழே தரையில் நான்கு குழி வெட்டுவார்கள். உள்ளுக்குள் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும். உபரவம் என்று பேர். மேலே தோலை விரித்து, கல்லால் கொடியை இடிக்கும்போது அந்தக் குழிகளில் சத்தம் எழும்பி முழங்கும். இடிக்கிற கல்லுக்கே ரிக்வேதத்தில் பத்தாம் மண்டலத்தில் சூக்தம் இருக்கிறது. கற்கள் பேசுகின்றன, கூவுகின்றன என்று பாடுகிறது. யாகம் நடத்துகிற வேதியர்களுக்கு ரித்விக் என்று பேர். கல்லைத் துதிப்பதற்கென்று தனியாக ஒரு ரித்விக்கே உண்டு: கிராவஸ்துத்.

"அடியில குழி, மேல தோலு" என்றார் சித்தப்பா. "அது மேளம்தான் சாமி."

சாஸ்திரிகள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நான் இத்தனை நாளா அப்படி நினைச்சுப் பார்த்ததில்லை" என்றார்.

அப்புறம் குடிக்கிற முறை. பாத்திரத்தைக் கையில் எடுத்தவர் உடனே வாயில் வைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற ரித்விக்கைப் பார்த்து "உபஹ்வயஸ்வ" என்று கேட்க வேண்டும். என்னை அழை, எனக்கு அனுமதி கொடு என்று அர்த்தம். அவர் "உபஹூத:" என்று சொல்ல வேண்டும், அழைத்தாயிற்று என்று. அந்தச் சொல் வந்த பிறகுதான் உதட்டில் படலாம். தனக்குத் தானே ஊற்றிக் குடிப்பது என்பது அங்கே இல்லவே இல்லை. எல்லாம் முடிந்ததும் பிழிந்த சக்கையை ஆற்றில் விட்டு, ஸ்நானம் செய்து கரையேறுவார்கள்.

"குடிச்சுட்டுப் பாடினாளான்னு அந்தப் பையன் கேட்டானில்லையா?" என்றார். "காலம்பற பிழிஞ்சதும் ரித்விக்குகள் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வஸ்திரத்தைப் பிடிச்சுண்டு, குனிஞ்சு, ஊர்ந்து போறாப்பல வெளியில போய் உட்கார்ந்து பஹிஷ்பவமானம்ங்கற சாமத்தைப் பாடணும். பாட்டு முதல்ல. அதுக்கப்புறம் ஹோமம். அதுக்கப்புறம்தான் வாயில ஒரு முழுங்கு. பாட்டுக்காக யாரும் குடிக்கலை."

இதை அந்தப் பையனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றியது.

அதோடு முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாஸ்திரிகள் நேர்மையான மனிதர். வேதத்தில் மதுவே இல்லை என்று நான் எழுதிவிடக் கூடாது என்று, தானே சுரையையும் எடுத்தார். சுரை என்பது புளித்த மதுதான். மனு ஸ்மிருதி மூன்று வகை சொல்கிறது: வெல்லத்தில் செய்தது, மாவில் செய்தது, மதூகப் பூவில் செய்தது. மதூகம் என்றால் நம் இலுப்பை. வாஜபேயம் என்கிற சோமயாகத்தில் பதினேழு பாத்திரம் சோமமும் பதினேழு பாத்திரம் சுரையும் வைக்கிறார்கள். ஆனால் வண்டியின் அச்சுக்கு மேலே சோமப் பாத்திரம், அச்சுக்குக் கீழே சுரைப் பாத்திரம். சோமம் சத்தியம், ஒளி. சுரை அசத்தியம், இருட்டு. சதபத பிராமணம் இப்படிச் சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரே யாகசாலைக்குள் வைக்கவும் செய்கிறது.

சௌத்ராமணி என்று இன்னொரு யாகம். அதன் கதையைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்திரன், தேவதச்சன் துவஷ்டாவின் சோமத்தை அழைப்பில்லாமல் புகுந்து குடித்துவிட்டான். அளவு மீறிய சோமம் உடம்பின் ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் வழிந்து ஓட, பலமெல்லாம் போய் விழுந்தான். தேவ வைத்தியர்களான அசுவினிகளும் சரஸ்வதியும் சேர்ந்து மருந்து கொடுத்து எழுப்பினார்கள். அந்த மருந்தாகத்தான் சௌத்ராமணியில் சுரை வருகிறது. முளைவிட்ட நெல், முளைவிட்ட பார்லி, பொரி எல்லாம் சேர்த்து மூன்று இரவு புளிக்க வைப்பது. அளவு மீறிக் குடித்தவனை யாகம் ஒதுக்கிவைக்கவில்லை. நோயாளி என்று பார்த்து வைத்தியம் செய்தது. அதுவும் சரஸ்வதி செய்தாள். பாட்டுக்காரர்கள் கும்பிடுகிற சரஸ்வதி.

ஹோமம் போக மிஞ்சிய சுரையை என்ன செய்வது? அதைக் குடிக்க ஒரு பிராமணனைக் கூலிக்கு அமர்த்தலாம் என்கிறது தைத்திரீய பிராமணம். ஆள் கிடைக்காவிட்டால் புற்றில் ஊற்றிவிட வேண்டும்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கிறபோது சித்தப்பா, "கூலிக்குக் குடிக்கிற ஆளுன்னு ஒருத்தன் அப்பவே இருந்திருக்கான் பாரு பாப்பா" என்றார். அதற்குமேல் அன்று ராத்திரி வரை அவர் பேசவில்லை.

மூன்றாம் நாள்: திருவையாறு

சின்ன நாள். வெயில் கொளுத்தியது. காவிரி மணலாகக் கிடக்கிறது. மேட்டூர் திறக்கும் நாளான ஜூன் 12 இன்னும் வரவில்லை. போர் போட்டவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார்கள்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் எழுப்பிய தியாகராஜர் சமாதி. ஆராதனை நாளில் நிற்க இடமிருக்காத இடத்தில் இன்று நாங்கள் இரண்டு பேர், ஒரு காவலாளி. சித்தப்பா உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டபடி ஆந்தோளிகாவில் 'ராக சுதா ரஸ'வை முணுமுணுத்தார். ராகம் என்னும் அமுத ரசத்தைப் பானம் செய்து விளங்கு மனமே என்பது பல்லவி. அனுபல்லவியில், யாகம், யோகம், தியாகம், போகம் எல்லாவற்றின் பலனையும் அது தரும் என்கிறார் தியாகராஜர். எத்தனை ஆயிரம் தடவை இதற்கு அப்பா வாசித்திருப்பார், சித்தப்பா தட்டியிருப்பார். முதல் வார்த்தையே யாகம் என்பது நேற்று அக்ரகாரத்துக்குப் போய் வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. ஐந்து நாள் வேள்வி செய்து பிழிகிற ரசத்தின் பலன் இந்த ரசத்துக்கும் உண்டு என்று, பாடுகிறவனுக்குக் காவிரிக் கரையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அவர். பானம் என்ற சொல்லையும் அவர் தள்ளவில்லை.

சாயங்காலம் தஞ்சாவூர். அங்கிருந்து பட்டுக்கோட்டை பஸ்.

நான்காம் நாள்: பேராவூரணிப் பக்கம், அத்தை வீடு

இதுவும் டெல்டாதான். ஆனால் சோழன் காலத்து டெல்டா இல்லை. 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயின் டெல்டா. இங்கே அதைப் புது ஆறு என்கிறார்கள். நெல்லைவிடத் தென்னை அதிகம். 2018 கஜா புயலில் சாய்ந்தவை போக நின்றவை, அதற்குப் பிறகு வைத்த கன்றுகள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். வாசலில் கால் வைத்ததும், "ஏன்டி, தம்பி சீவாளிய எடுத்துக்கிட்டு ஊர் ஊராவா சுத்துறே?" என்று அழுதார். பிறகு சோறு போட்டார்.

இந்தப் பக்கத்து ஊர்களில் மது எடுப்புத் திருவிழா பெரிது. அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். பெண்கள் குடம் எடுப்பார்கள். குடம் நிறைய நெல். வாயில் விரிந்த தென்னம்பாளையைச் செருகி, பூச்சரம் சுற்றித் தலையில் வைத்து, குலவையிட்டு, கும்மி கொட்டி, அம்மன் கோயிலுக்கோ அய்யனார் கோயிலுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முன்னால் மேளம் போகும். அதற்குப் பேர் மதுக்குடம்.

"உள்ள மது இருக்குமா அத்தை?"

"நெல்லுடி. நெல்லும் பாளையும்தான்."

"அப்புறம் ஏன் மதுன்னு பேரு?"

"அது மதுதான். எங்க அம்மா காலத்துலேருந்து மதுதான்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு தோப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தென்னையில் கள் எங்கிருந்து வருகிறது? பாளையிலிருந்து. விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, நுனியைச் சீவினால் சொட்டுகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது, பதநீராக இனிக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும், இறக்கும்போதே கள். அரிசியிலும் மது வரும். நேற்று முன்தினம் சாஸ்திரிகள் சொன்ன சுரையில் முளைத்த நெல் இருந்ததே. அத்தை தலையில் சுமந்த குடத்தில் மது இல்லை. மதுவாக மாறக்கூடிய இரண்டு பொருளும், மாறாமல், அம்மனுக்குப் போகின்றன. ஒரு காலத்தில் குடத்துக்குள் நிஜமாகவே புளித்தது இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அத்தைக்கு அந்த ஊகம் தேவைப்படவில்லை.

கள்ளுக்கடைகள் பற்றி சித்தப்பா நிறையச் சொன்னார். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடை திறந்தார்கள். 1974-இல் மூடினார்கள். பிறகு மறுபடி திறந்தார்கள். 1987 சனவரி முதல் நாளிலிருந்து கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக். "கள்ளு காலையில இறக்குனா சாயங்காலம் புளிச்சுப் போயிடும். அதனால அன்னிக்கு உள்ளதை அன்னிக்கு. மரத்தடியில நாலு பேரு சேர்ந்து உக்காந்து குடிப்பாங்க. கள்ளு நல்லதுன்னு நான் சொல்ல வரல. அதுலயும் குடும்பம் அழிஞ்சிருக்கு. ஆனா புட்டி வந்தப்புறம் இடுப்புல செருகிக்கலாம். பந்தலுக்குப் பின்னாடி தனியா நின்னு குடிக்கலாம். உங்கப்பன் அப்படித்தான் நின்னான்."

இதே சோழநாட்டு அரசன் ஒருவன், இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி. அவனும் சேரனும் பாண்டியனும் சேர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றில் 367-ஆம் பாட்டு. இன்று ராத்திரி அதைப் போனில் எடுத்து சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பார்ப்பார் கை நிறையப் பூவும் பொன்னும் நீரோடு சொரிந்து கொடுங்கள். மகளிர் பொன் கலத்தில் ஏந்தி வரும் வடித்த தேறலைக் குடித்து மகிழுங்கள். இரவலர்க்கு அள்ளிக் கொடுங்கள். மூன்று வேந்தரும் இருந்த இருப்பு, இருபிறப்பாளர் வளர்க்கும் முத்தீயைப் போல் இருந்ததாம். வேள்வித் தீயும் தேறலும் பாடுகிறவளும் ஒரே பாட்டுக்குள் இருக்கிறார்கள். அதே ஔவை, அதியமான் செத்தபோது பாடினாள்: கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் உண்டு மகிழ்வான், அது போயிற்றே. அவன் மார்பில் தைத்த வேல், பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துவிட்டது என்கிறாள்.

பாணனுக்குக் கள் கொடுப்பது நம் மண்ணிலும் பழசுதான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதியமான் பாட்டுக்குக் கூலியாகக் கள்ளைக் கொடுத்து, பேசின காசைப் பிடித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இருப்பதைப் பங்கு போட்டுக் கொடுத்தான். என் அப்பாவைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டுப் புட்டியைக் கையில் திணித்தவர்களில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு, மேளக்காரர்களுக்கு இலை போடுவார்கள். நான் சின்னப் பெண்ணாக அவரோடு போய் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள்: அம்பர் மாகாளம்

மன்னார்குடி வழியாகத் திருவாரூர் வந்து சேரும்போது மணி ஒன்பது. பெரிய கோயிலில் மூலவர் புற்றிடங்கொண்டார். வன்மீகநாதர். மிஞ்சிய சுரையை ஊற்றச் சொன்ன புற்று நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சந்நிதியில் நிற்கும்போது, எல்லாரும் கை விட்டதை வாங்கிக்கொள்கிற இடம் ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கும் என்று பட்டது. கமலாலயக் கரையில் டிபன் சாப்பிட்டுவிட்டு, மாயவரம் பஸ்ஸில் பூந்தோட்டம். கூத்தனூர் சரஸ்வதியையும் பார்த்தோம். ஒட்டக்கூத்தர் வழிபட்டவள் என்பார்கள். இந்திரனுக்கு மருந்து கொடுத்தவள் என்று இன்று எனக்கு அவளை இன்னொரு விதமாகவும் தெரியும். அப்பாவின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன்.

பூந்தோட்டத்திலிருந்து அம்பருக்கு ஆட்டோ. வழியெல்லாம் ஆட்கள்.

கதையைச் சொல்கிறேன். சோமாசி என்றால் சோமயாஜி, சோமயாகம் செய்தவர். மாறனாருக்கு ஓர் ஆசை: தன் யாகத்துக்குத் திருவாரூர் தியாகராஜர் நேரில் வந்து அவிர்ப்பாகம் வாங்க வேண்டும். அதற்குச் சுந்தரர் மூலமாகத்தான் சொல்ல முடியும். சுந்தரரை எப்படிப் பழக்கம் பிடிப்பது? தினமும் தூதுவளைக் கீரை பறித்து, சுந்தரரின் மனைவி பரவையார் வீட்டுக்குக் கொடுத்து வந்தார். கீரை நின்றுபோன நாளில் யார் கொடுத்தது என்று சுந்தரர் கேட்க, பழக்கம் உண்டாயிற்று. தியாகராஜர் வருகிறேன் என்றார், எந்த உருவில் என்று சொல்லவில்லை.

யாகம் நடக்கிறது. வேள்விச் சாலை வாசலில் பறை முழங்குகிறது. செத்த கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு புலையர். நான்கு வேதங்களும் நான்கு நாய்களாகக் கூட வருகின்றன. பின்னால் மனைவி, தலையில் கள் குடம். இரண்டு பிள்ளைகள். யாகம் கெட்டது என்று வேதியர் எல்லாரும் ஓடினார்கள். மாறனாரும் அவர் மனைவியும் மட்டும் நின்றார்கள். அச்சம் தீர்த்த விநாயகர் அடையாளம் காட்ட, வந்தவர் யார் என்று தெரிந்து விழுந்து வணங்கினார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சோமக்கொடி இடிபடுகிற சாலைக்குள் கள் குடம் வருகிறது என்பதை யோசித்ததில்லை. உள்ளே பிழிகிற ரசத்துக்கு ராஜா என்று பெயர், வெளியே வருகிற குடத்துக்குத் தீட்டு என்று பெயர். அந்தக் குடத்தைச் சுமந்து வந்தவள் உமையம்மை. உள்ளே நான்கு குழியின் மேல் கல் முழங்குகிறது, வெளியே பறை முழங்குகிறது. ஓடினவர்கள் அந்தப் பறையைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் வருவது யார் என்று தெரிந்திருக்கும்.

மத்தியானம் சுவாமி புறப்பாடு. கூட்டத்தில் என்னால் முன்னால் போக முடியவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெய் புகையில் கண் எரிந்தது. புகைக்கு நடுவிலிருந்து நாயனம் எழும்பியபோது சித்தப்பாவின் விரல் தானாக என் தோளில் தட்டத் தொடங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. நான் அசையாமல் நின்றேன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தவில்காரர்கள் மர நிழலில் உறையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர் கையைப் பிடித்து, "அண்ணே, மூத்தவரு நாயனம் மாதிரி இரண்டாம் நாயனம் இனி வராதுண்ணே" என்றார். சித்தப்பா மஞ்சப்பையைத் திறந்து, துணியைப் பிரித்து, வெடித்த சீவாளிகளைக் காட்டினார். அவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு பையன் கோலி சோடா வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தான். சித்தப்பா குண்டைத் தட்டி உள்ளே இறக்கினார். நல்ல தாகம் அவருக்கு, காலையிலிருந்து வெயில். வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"குடிக்கட்டுமா பாப்பா?"

"குடிங்க சித்தப்பா" என்றேன்.

பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். அரசலாற்றுப் பாலம் வழியாக நடந்துபோய்க் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.